கொல்லையில் ஒரு கோழிக்கூடு

(இளமறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

கோழி முந்தியதா, முட்டை முந்தியதா என்னும் வினாவை எழுப்பி நண்பர்கள் பொழுது போக்குவதுண்டு. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஐயத்திற்கே இடமில்லை, கோழிதான் முந்தியது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, பொய்கைச் சந்தை கூடிய ஒரு செவ்வாய்க்கிழமையன்று, என் தாயார் ஐந்து வெடைக்கோழிகளையும் ஒரு சேவலையும் காலைக் கட்டிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். "உன் பரீட்சைப் பீசை இதுங்க கட்டும்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நான் கற்றுக்கொண்டவற்றை என்னோடு பயிலும் நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர் என்றால் அனைவருக்கும் தெரியும். 2011ஆம் ஆண்டில் வேலூர் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறு பக்கம் மணல் மட்டும் மிஞ்சிய பாலாறு. இடையில் நெருக்கமான வீடுகள். ஆயினும் பழைய வீடுகள் சிலவற்றின் பின்னால் ஒரு முருங்கை மரமும், துவைக்கும் கல்லும், பத்தடிக் கொல்லையும் இன்னும் இருக்கின்றன. கோழி வளர்க்க அவ்வளவு இடம் போதும்.

கோழியின் பூர்வீகம்

உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளின் முதன்மையான மூதாதை, ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி ஆகும். விலங்கியலார் இதனைக் கேலஸ் கேலஸ் என்பர். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி இன்னொன்று உண்டு. அதன் பெயர் கேலஸ் சொன்னராட்டி. பல வளர்ப்புக் கோழிகளின் கால்களும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு, இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே அயல்நாட்டு ஒயிட் லெகார்ன் கோழியின் மஞ்சள் காலிலும் நம் தென்னாட்டுக் காட்டின் பங்கு இருக்கிறது எனலாம். வகுப்பில் இதைக் கேட்ட அன்று மாலை எங்கள் கோழிகளின் கால்களைப் புதிய மரியாதையோடு பார்த்தேன்.

நம் பக்கத்தில் நாட்டுக்கோழி என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதில் வகைகள் பல. உடல் சிறுத்த சிறுவிடை, உயர்ந்து பருத்த பெருவிடை, கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழி, சண்டைக்குப் பேர்போன அசீல் என்பவை அவற்றுள் சில. அம்மா வாங்கிவந்தவை சிறுவிடைகள். அவை குறைவாகத் தின்னும்; தாமாகவே மேயும்; அடையும் காக்கும். புறக்கடை வளர்ப்புக்கு ஏற்ற குணங்கள் இவையே.

முட்டை உருவாகும் விதம்

முட்டை ஒரு நாளில் உருவாகும் பொருள் என்பது உண்மை. ஆனால் மஞ்சள் கரு மட்டும் பல நாள்களாகச் சினைப்பையில் வளர்ந்து வருகிறது. முதிர்ந்த கரு கருக்குழாயில் இறங்கியதும் வேலை தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு அதனைச் சூழ்கிறது. அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் மெல்லிய சவ்வுகள் இரண்டு உருவாகின்றன. மிஞ்சிய நேரம், அதாவது ஏறக்குறைய 20 மணி நேரம், ஓடு கட்டவே செலவாகிறது. மொத்தம் 24 முதல் 26 மணி நேரம். இதனால்தான் கோழி நாள்தோறும் சற்றுத் தாமதித்தே முட்டையிடுகிறது. காலை ஏழு மணிக்கு இட்ட கோழி மறுநாள் எட்டுக்கும், அதற்கடுத்த நாள் ஒன்பதரைக்கும் இட்டு, பிறகு ஒரு நாள் ஓய்வு கொள்ளும். "கோழிக்கும் லீவு உண்டு" என்று என் ஆயா சொல்லுவதன் விளக்கம் இதுவே.

முட்டையோட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டாகும். தீவனத்தில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்துப் போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். ஆனால் அதில் குஞ்சு பொரிக்காது.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயில் தொடங்கிய ஒரு வாரத்திலேயே எங்கள் கோழிகளின் முட்டைகள் விரல் பட்டால் நொறுங்கும் அளவுக்கு ஓடு மெலிந்து வந்தன. அம்மா கண்ணேறு என்று எண்ணினார். விலங்கியல் பேராசிரியரிடம் கேட்டேன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. அவ்வாறு இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் அதனால் குறைகிறது. வெயிலில் கோழி தீனியையும் குறைத்துக் கொள்ளுமாதலால் சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. கூட்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மண் சட்டியில் குளிர்ந்த நீர் வைத்து, பொடித்த கிளிஞ்சலைத் தனியாகத் தூவினோம். பத்து நாள்களில் ஓடு ஓரளவு உறுதிப்பட்டது.

அடை வைத்தல்

ஒரு சுற்று முட்டையிட்டு முடித்ததும் கோழி கேறத் தொடங்கும். கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் இட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை ஆயா அடை வைப்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் ஓரத்தில் போடுவார். அறிவியலில் இதற்கு ஆதாரம் நான் கண்டதில்லை. ஆனால் இரும்பால் கோழிக்குக் கேடு ஒன்றும் இல்லை என்பதால் நான் வாதாடவில்லை.

கோழி தன் உடல் வெப்பத்தால் முட்டையைக் காப்பதோடு நாளில் பலமுறை அலகால் புரட்டியும் விடுகிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் முட்டையின் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், சிவந்த இரத்த நாளங்கள் சிலந்தியின் கால்களைப் போல விரிந்திருப்பதைக் காணலாம். ஒன்றும் தெரியாத முட்டை கருக்கட்டாதது. பாடநூலில் படமாகப் பார்த்ததை அடுப்படியில் நேரில் கண்ட அந்த இரவை நான் மறக்க இயலாது. இருபத்தோராம் நாள் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தி வெளிவந்தன. முதல் நாள் தீனி வைக்க வேண்டாம் என்று ஆயா தடுத்தார். பிறக்குமுன் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக் கொள்கிறது. ஓரிரு நாள் அந்த உணவே அதற்குப் போதும் என்று பின்னர் அறிந்தேன். பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

வெள்ளைக்கழிச்சல்

அடுத்த ஆண்டு தை பிறந்தபோது எங்கள் கொல்லையில் பெரிதும் சிறிதுமாக 22 கோழிகள் இருந்தன. முட்டை ஒன்று 15 ரூபாய்க்குத் தெருவிலேயே விற்றது. பிள்ளை பெற்றவர்கள் வீட்டிலிருந்து முன்பே சொல்லி வைத்து வாங்கிச் சென்றார்கள். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் எனக்கென்று பணம் சேர்ந்துகொண்டிருந்தது.

மாசி மாதம் சந்தையிலிருந்து புதிதாக ஒரு சேவல் வந்தது. வந்த நான்காம் நாள் அது தலையைத் தொங்கப் போட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாக மூச்சுத் திணறின. கழுத்து முறுக்கிக்கொண்டு சுழன்றன. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். பதினேழு கோழிகள் போயின. பகலில் நானும் அம்மாவும் குழி தோண்டிப் புதைத்தோம். அந்தப் பருவத்துத் தேர்வுக் கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

இந்நோய்க்கு இராணிக்கெட் நோய் என்று பெயர். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் ஜாவாத் தீவிலும் கண்டறியப்பட்டதால் உலகம் இதனை நியூகாசில் நோய் என்கிறது. சிறிது காலத்திற்குள் நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் காணப்பட்டதால் இங்கே அப்பெயர் நிலைத்தது. இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்து கிடையாது. வருமுன் தடுக்கும் மருந்து உண்டு.

அந்தத் தடுப்பு மருந்து எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இன்று இராணிப்பேட்டையில் இயங்குகிறது. எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். நாட்டுக்கோழிகளைக் காக்கும் மருந்து நம் வாசலுக்கருகே தயாராகும்போது, என் வீட்டில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்! ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் அரசு கால்நடை பராமரிப்புத் துறை இலவசமாகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவதும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

முறை எளிது. குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. பின்னர் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறை. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்துவர வேண்டும். வெயில் பட்டால் பயனில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பி மருந்து நூறு கோழிகளுக்கு வருகிறது. கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்காக ஒரு குப்பியை உடைப்பது எப்படி? ஆகவே நான் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் கோழி வளர்க்கும் ஒன்பது வீடுகளைக் கணக்கெடுத்து, ஒரே நாளில் விடியற்காலையில் எல்லாக் கோழிகளையும் பஞ்சாரத்தில் அடைத்து வைக்கச் சொன்னேன். கால்நடை உதவி மருத்துவர் வந்தார். ஒரு மணி நேரத்தில் 83 கோழிகளுக்கு ஊசி போட்டு முடிந்தது. அதன்பின் இன்றுவரை அந்நோயால் ஒரு கோழியும் சாகவில்லை. புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரம் தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு விடுகிறோம்.

நீலத் தூள்

இனி நான் சொல்லப்போவது, தோல் தொழிலை நம்பி வாழும் நம் பகுதியினர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

என் தாய்மாமன் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் அத்தொழிலால் அடுப்பெரியும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. கோழிக்கூட்டில் ஈரம் தங்குகிறது என்று அம்மா குறைப்பட்டதைக் கேட்டு, மாமா ஒரு மூட்டை நிறையத் தூள் கொண்டுவந்தார். பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் நீல நிறத் தூள் அது. பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சியது. அம்மாவுக்குப் பெரிய மகிழ்ச்சி. பூச்சி வராதிருக்க அதன்மேல் சுண்ணாம்பும் தூவினார். மாதம் ஒருமுறை கூட்டைப் பெருக்கிய குப்பையைக் கொளுத்தி, சாம்பலைக் கீரைப் பாத்தியில் இட்டார். கோழிகள் அந்தத் தூளைக் கிளறின, கொத்தின, தின்றன. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் வேதியியல் செய்முறை வகுப்பில் குரோமியம் உப்புகளைப் பற்றிப் பேராசிரியர் விளக்கினார். தோலுக்கு அந்த நீல நிறம் குரோமியம் சல்பேட்டால் வருகிறது. அதிலுள்ள குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் காற்றில் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளோடு சேர்த்து எரித்தால் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறக்கூடும். அது கொடிய நஞ்சு. புற்றுநோய் விளைவிக்க வல்லது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். பேராசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "முதலில் அதை நிறுத்து, கணக்குப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்த அறியாமை அன்று. வங்காளதேசத்தில் தோல் கழிவுகளை உலர்த்தி அரைத்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக விற்று வந்தார்கள். 2011இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனை நிறுத்த உத்தரவிட்டது. மேயும் கோழி மண்ணைக் கொத்தும் பறவை. மண்ணில் ஈயம் முதலிய உலோகங்கள் இருந்தால் அவற்றில் ஒரு பங்கு முட்டைக்கும் வந்து சேரும். ஆகவே புறக்கடை முட்டையின் தரம் என்பது புறக்கடை மண்ணின் தரமே ஆகும்.

அன்று மாலை வீட்டில் நடந்த விவாதம் எளிதாக இருக்கவில்லை. மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. "நாங்க நாள் முழுக்க அதுலதானேடா மாப்ளே நிக்கிறோம்" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை, இன்றும் இல்லை. அம்மா மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "தெரியாம வித்தது போவட்டும். தெரிஞ்சு விக்கக் கூடாது" என்றார். ஒரு மாதம் முட்டை விற்பனை நின்றது. பிள்ளை பெற்ற வீட்டினர் வந்து கேட்டபோது, காரணத்தை ஒளிக்காமல் சொல்லித் திருப்பி அனுப்பினார். கூட்டிலிருந்த தூளையும், பாத்தியிலிருந்த சாம்பலை மேல் மண்ணோடும் வாரி மூட்டை கட்டினோம். பாலாற்றில் கொட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஏற்கெனவே எல்லாரும் அப்படி எண்ணியதால்தான் ஆறு இந்த நிலைக்கு வந்தது என்று நான் மறுத்தேன். மாமாவே மேற்பார்வையாளரிடம் பேசி, முறைப்படி அகற்றும் கழிவோடு சேர்க்கத் திருப்பி எடுத்துச் சென்றார். இப்பொழுது கூட்டில் நிலக்கடலைத் தோலும் உமியும் பரப்புகிறோம்.

பாலாற்றுத் தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதையும், தீங்கு முழுமையாக மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு நாட்டின் சட்டக் கொள்கைகளாக ஏற்றது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் கடுமையாகத் தீர்ப்பளித்தது. அரசியல் பாடத்தில் படித்த முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்னும் பெரிய சொல், என் தாயாரின் கோழிக்கூட்டில்தான் எனக்குப் புரிந்தது. ஊசி போடாமல் பதினேழு கோழிகளை இழந்தோம். மெய்ப்பிக்கக் காத்திராமல் தூளை வெளியேற்றினோம். இரண்டுக்கும் பாடம் ஒன்றே.

நாட்டு முட்டையும் பண்ணை முட்டையும்

நாட்டு முட்டையைப் புகழ்வதற்காகப் பண்ணை முட்டையை இகழ்வது நியாயமன்று. சிறுவிடை ஆண்டுக்கு எழுபது, எண்பது முட்டை இடுவதே அரிது. பண்ணைக் கோழி முந்நூறு வரை இடும். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில், 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. இலட்சக்கணக்கான குழந்தைகளின் தட்டில் முட்டை விழுவதற்கு நாமக்கல் பண்ணைகளே காரணம். பள்ளிப் பருவத்தில் அந்த முட்டைக்காகக் காத்திருந்தவன்தான் நானும்.

ஐம்பது கிராம் எடையுள்ள முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஓடு பழுப்பாக இருப்பதால் சத்து கூடுவதில்லை. நிறம் இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கருவின் ஆழ்ந்த நிறம் கோழி மேயும் கீரையாலும் பூச்சியாலும் வருவது. வெள்ளை முட்டையைத் தேயிலை நீரில் தோய்த்து நாட்டு முட்டை என்று விற்பவர்களும் உண்டு என்று கேள்வி. நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். புறக்கடை முட்டையின் தனிச் சிறப்பு அதன் புதுமையே. முட்டை பழையதாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகும். நீரில் இட்டால் புது முட்டை அடியில் படுக்கும். நாள்பட்டது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். இட்ட முட்டையை உடனே கழுவி வைக்கக் கூடாது. அதன்மேலுள்ள மெல்லிய பாதுகாப்புப் பூச்சு போய்விடும். சமைக்கும்போது கழுவி, நன்றாக வேகவைத்து உண்பதே நலம்.

முடிவுரை

கோழி வளர்க்கப் பெருமுதல் தேவையில்லை. அரிசி நொய், கேழ்வரகு, தவிடு, கீரைத் தழை போதும். பழைய சாக்கையும் சாணத்தையும் மண் பானையில் அடைத்து, கரையான் உள்ள இடத்தில் ஓரிரவு கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் குஞ்சுகளுக்குப் புரதம் நிறைந்த தீனி தயார். கீரிப்பிள்ளைக்கும் நாய்க்கும் எட்டாத கூடு, நிழல், நீர், உரிய காலத்தில் ஊசி, தூய மண் ஆகிய ஐந்தும் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தேவையான முட்டை கொல்லையிலேயே கிடைக்கும்.

விலங்கியலும் வேதியியலும் தேர்வுத் தாளுக்காக மட்டும் என்று எண்ணியிருந்த என்னை, ஐந்து வெடைக்கோழிகள் திருத்தின. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் கோழி இருக்குமானால் வரும் பிப்ரவரி மாதத்தில் தெருவாரைத் திரட்டுங்கள்; ஒரு குப்பி மருந்து நூறு கோழிகளைக் காக்கும். உங்கள் வீட்டில் நீலத் தூள் இருக்குமானால் இன்றே பேசுங்கள். இந்தப் பருவத் தேர்வுக் கட்டணத்தை அம்மா அஞ்சறைப் பெட்டியிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுத்தார். இம்முறை நான் சிரிக்கவில்லை.